ரிப்பன் கட்டடத்தில் காலநிலை: ஒரு மாநகராட்சி எதை முடிவு செய்கிறது, எது அதன் கையில் இல்லை

சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் கட்டடத்தில் நடக்கும் மாமன்றக் கூட்டத்தின் பொருள் நிரலைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்குக் ‘காலநிலை மாற்றம்’ என்ற தலைப்பு அநேகமாகக் கண்ணில் படாது. இன்ன வார்டில் மழைநீர் வடிகால் கட்ட நிர்வாக அனுமதி, குப்பை சேகரிக்கும் பேட்டரி வண்டிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி, பூங்கா பராமரிப்புக்குக் கால நீட்டிப்பு, பள்ளிக் கட்டடத்தின் மேல்தளத்தைச் சீரமைக்க நிதி ஒதுக்கீடு என்று வரிசையாகச் சென்றுகொண்டிருக்கும். ஆனாலும் வெயிலையும் வெள்ளத்தையும் இந்த நகரம் எப்படி எதிர்கொள்ளப் போகிறது என்பது பெரும்பாலும் இத்தகைய தீர்மானங்களில்தான் முடிவாகிறது. காலநிலைக்கென்று தனியாக வெளியிடப்படும் திட்ட அறிக்கைகள் இந்தத் தீர்மானங்களுக்குள் இறங்கி வரும்போதுதான் உயிர் பெறுகின்றன. இறங்கி வராதவை அலமாரியில் இருக்கின்றன. முடிவை யார் எடுக்கிறார்கள், எந்தக் கணக்கை வைத்து எடுக்கிறார்கள், மாநகராட்சியின் கை எதுவரை நீளும் என்பவற்றை முன்னறிமுகம் இல்லாத வாசகர்களுக்குச் சென்னையை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளாட்சி அமைப்பு ஒன்று காலநிலை மாற்றத்துக்காகச் செய்யக்கூடிய வேலைகள் இரண்டு வகைப்படும். நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிவதாலும் குப்பை அழுகுவதாலும் காற்றில் கலக்கும் கரியமில வாயு, மீத்தேன் முதலான பசுங்குடில் வாயுக்களைக் குறைப்பது ஒரு வகை. இது உமிழ்வுக் குறைப்பு எனப்படும். ஏற்கெனவே கலந்துவிட்ட வாயுக்களின் விளைவாக வந்துவிட்டதும் இனி வரவிருப்பதுமான வெப்பத்தையும் பெருமழையையும் கடல்மட்ட உயர்வையும் தாங்கும்படி ஊரை ஆயத்தப்படுத்துவது மற்றொரு வகை. இதற்குத் தகவமைப்பு என்று பெயர். முதல் வகையின் பலன் உலகம் முழுவதற்கும் பங்கிடப்படுவதால், அதற்காகச் செலவழித்த நகரம் அந்தப் பலனைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது. இரண்டாம் வகையின் பலனோ அடுத்த மழைக்கே அந்தத் தெருவில் தெரிந்துவிடும். வாக்குக் கேட்டு வீடு வீடாகச் செல்ல வேண்டிய மாமன்ற உறுப்பினர் எந்த வகைக்கு முதலில் கைதூக்குவார் என்பதை ஊகிப்பது கடினமன்று. அதில் தவறும் இல்லை.

ஏனெனில் சென்னையின் நிலை அப்படி. கடலோரத்தில் தட்டையாகக் கிடக்கும் இந்நகரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையின் ஒருசில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடுத்த ஆண்டே வர்தா புயல் நகரின் மரங்களைச் சாய்த்தது. 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. 2021 நவம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் மீண்டும் வெள்ளம். எட்டே ஆண்டுகளுக்குள் வெள்ளமும் வறட்சியும் மாறி மாறித் தாக்கிய ஊருக்குத் தகவமைப்பு என்பது தள்ளிப்போடக்கூடிய வேலையாக இருக்க முடியாது.

அதிகாரம் எங்கே இருக்கிறது

1688-இல் தொடங்கப்பட்ட சென்னை மாநகராட்சி இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி. 2011-இல் சுற்றியிருந்த நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் இணைக்கப்பட்டபோது அதன் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகளின் எண்ணிக்கை 200 ஆனது. ஒவ்வொரு வார்டுக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர் உண்டு. அந்த உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 மார்ச்சில் அவ்வாறு மேயரானவர் ஆர். பிரியா. நிர்வாகத்தை நடத்துபவரோ மாநில அரசு நியமிக்கும் இந்திய ஆட்சிப் பணி அதிகாரியான ஆணையர். அதிகாரிகள் முன்மொழிவு தயாரிக்கிறார்கள், அது உரிய நிலைக்குழுவுக்குச் செல்கிறது, பிறகு மன்றத்தில் தீர்மானமாக வைக்கப்படுகிறது, நிறைவேறினால் பணியாணை பிறக்கிறது. காலநிலை தொடர்பான முடிவுக்கும் இதுவே வழி. வேறு குறுக்குவழி கிடையாது.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு அளிக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. குடிநீர், திடக்கழிவு, நகரத் திட்டமிடல், நகர்ப்புறக் காடு வளர்ப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் ‘அளிக்கத்தக்க’ என்பதற்கும் ‘அளிக்கப்பட்ட’ என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பது மாநில அரசின் சட்டம். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978-இலிருந்து தனி வாரியத்திடம் இருக்கின்றன. பேருந்துகளை மாநகர் போக்குவரத்துக் கழகம் ஓட்டுகிறது. எங்கே என்ன கட்டலாம் என்று வரையறுக்கும் நகரின் முழுமைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) வகுக்கிறது. ஆறுகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. மின்சாரம் மாநில மின் நிறுவனத்திடம். மாநகராட்சியிடம் எஞ்சியிருப்பவை மழைநீர் வடிகால், பெரும்பாலான சாலைகள், தெருவிளக்கு, குப்பை, பூங்கா, ஆரம்ப சுகாதார நிலையங்கள், மாநகராட்சிப் பள்ளிகள், சிறிய கட்டடங்களுக்கான அனுமதி, சொத்து வரி ஆகியவை.

இந்தப் பிரிவினை நடைமுறையில் என்ன செய்கிறது என்பதை வேளச்சேரியில் விழும் மழையைப் பின்தொடர்ந்தால் தெளிவாகக் காணலாம். தெருவில் விழுந்த நீர் மாநகராட்சியின் வடிகாலுக்குள் இறங்குகிறது. அங்கிருந்து வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை அடைகிறது. 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்புநிலத்தின் காப்புக்காட்டுப் பகுதி வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. சதுப்பிலிருந்து வழியும் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் சென்று, தெற்கே ஓடி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். இந்த நீர்வழிகளைப் பராமரிக்க வேண்டியது நீர்வளத் துறை. சதுப்பை ஒட்டி என்ன கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று நிலப் பயன்பாட்டை வகுப்பது சி.எம்.டி.ஏ. வேளச்சேரியில் முழங்கால் அளவு நீர் நின்றால் மக்கள் தொலைபேசியில் அழைப்பது மாநகராட்சியின் 1913 எண்ணை. அடைப்போ சில கிலோமீட்டர் தள்ளி, வேறொரு துறையின் எல்லைக்குள் இருக்கக்கூடும். ஆகவே காலநிலைக்காக மாநகராட்சி தயாரிக்கும் எந்தத் திட்டமும், தன் அதிகாரத்தில் உள்ளதைச் செய்வதும், அதிகாரத்தில் இல்லாததை மற்றவர்களிடம் கேட்டுப் பெறுவதுமான இரட்டை வேலையாகவே அமைகிறது. இரண்டாவதை எந்த நாளுக்குள், எந்த அதிகாரியிடம், எந்தக் கோப்பின் வழியாகக் கேட்பது என்பது எழுதப்படாத திட்டத்தை ஐயத்தோடு பார்ப்பதே நல்லது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் முந்தைய மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அதிகாரி ஒருவரின் கையெழுத்தில்தான் தீர்மானங்கள் நிறைவேறின. வர்தா, 2019 வறட்சி, 2021 வெள்ளம் மூன்றும் அந்த இடைவெளிக்குள் வந்தவை. உள்ளாட்சி காலநிலையை எப்படிக் கையாள்கிறது என்று பேசும்போது, உள்ளாட்சி என்று ஒன்று அமர்ந்திருந்ததா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

திட்டம் எப்படி உருவாகிறது

உலகின் பல நகர மன்றங்கள் ‘காலநிலை அவசரநிலை’ என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றி இவ்வேலையைத் தொடங்குகின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பகுதியிலுள்ள டேரபின் நகர மன்றம் 2016-இல் இதற்கு வழிகாட்டியது. 2018-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பின்தொடர்ந்தது. பிறகு நூற்றுக்கணக்கான மன்றங்கள். இத்தகைய தீர்மானத்தால் தானாக ஒரு ரூபாயும் செலவாவதில்லை, ஒரு கிலோ வாயுவும் குறைவதில்லை. ஆனால் அதன்பின் அதிகாரிகள் கொண்டுவரும் ஒவ்வொரு முன்மொழிவையும் அந்தத் தீர்மானத்தோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்கும் பிடி உறுப்பினர்களுக்குக் கிடைக்கிறது.

சென்னை சென்ற வழி வேறு. சி40 என்ற பன்னாட்டு நகரங்களின் கூட்டமைப்பு அளித்த தொழில்நுட்ப உதவியுடன் மாநகராட்சி காலநிலைச் செயல்திட்டம் ஒன்றைத் தயாரித்தது. அதன் வரைவு 2022 செப்டம்பரில் மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. ஆங்கிலத்தில் மட்டும் இருந்த வரைவு தமிழிலும் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, கருத்துக் கூறும் காலமும் நீட்டிக்கப்பட்டது. 2023 ஜூனில் இறுதித் திட்டம் வெளிவந்தது. மின் கட்டமைப்பும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும், கட்டடங்களின் மின் பயன்பாடு, போக்குவரத்து, திடக்கழிவு, வெள்ளமும் நீர்ப் பற்றாக்குறையும், நலிந்த மக்களின் பாதுகாப்பும் உடல்நலமும் என ஆறு துறைகளை அது எடுத்துக்கொள்கிறது. 2050-க்குள் கார்பன் சமநிலை, அதாவது வெளியிடும் வாயுவும் அகற்றப்படும் வாயுவும் ஈடாகும் நிலை, அடைவது அதன் இலக்கு. இந்தியா தனக்கு விதித்துக்கொண்ட ஆண்டு 2070 என்பதால், சென்னை இருபது ஆண்டுகள் முந்திக்கொள்ள முனைகிறது.

இத்தகைய திட்டத்தின் அடித்தளம் உமிழ்வுக் கணக்கெடுப்பு. நகரத்தின் எல்லைக்குள் ஓராண்டில் எவ்வளவு எரிபொருள் எரிந்தது, எவ்வளவு மின்சாரம் நுகரப்பட்டது, எவ்வளவு குப்பை அழுகியது என்று துறைதோறும் விவரம் திரட்டி, எல்லாவற்றையும் கரியமில வாயுவுக்கு ஈடான டன் கணக்குக்கு மாற்றுகிறார்கள். மின்சாரத்தை நகரத்துக்குள் பயன்படுத்தினால், அது எந்த ஊர் அனல்மின் நிலையத்தில் உற்பத்தியானாலும் அந்த உமிழ்வு பயன்படுத்திய நகரத்தின் கணக்கிலேயே எழுதப்படும். வடசென்னை அனல்மின் நிலையம் பெயரில் மட்டுமே சென்னையைச் சேர்ந்தது. அது இருக்கும் அத்திப்பட்டு மாநகராட்சி எல்லைக்கு வெளியே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் அடையாற்றில் ஓடும் குளிர்சாதனப் பெட்டிக்காக அங்கே எரிந்த நிலக்கரி சென்னையின் கணக்குதான். அதன் சாம்பலும் புகையும் எண்ணூர்ப் பகுதி மக்களின் பங்குக்கு வருகின்றன என்பது இந்தக் கணக்கில் தெரியாது. டன் கணக்கு மட்டுமே முழு உண்மை அன்று என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

2018-19-ஆம் ஆண்டுக்கான கணக்கின்படி சென்னையின் மொத்த உமிழ்வு 1.438 கோடி டன், தலைக்கு 1.9 டன். இதில் 71 விழுக்காடு கட்டடங்களிலும் தொழிலிடங்களிலும் பயன்படும் மின்சாரம், எரிபொருள் ஆகியவற்றால் வருகிறது. போக்குவரத்துக்கு 16 விழுக்காடு, கழிவுக்கு 13 விழுக்காடு. மூன்றே எண்கள்தான், ஆனால் மாமன்றத்தின் சங்கடம் முழுவதும் இவற்றில் இருக்கிறது. உமிழ்வின் பெரும்பகுதி எந்தத் துறையிலிருந்து வருகிறதோ, அங்கே மாநகராட்சியின் அதிகாரம் மிகக் குறைவு. மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறதா, சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் வருகிறதா என்பது மாமன்றத்தில் முடிவாவதில்லை. போக்குவரத்திலும் பேருந்து அதன் கையில் இல்லை. 2025-இல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியது மாநில அரசின் முடிவால். நடைபாதையும் பேருந்து நிழற்குடையும் மட்டுமே மாநகராட்சிக்குரியவை. ஆனால் பேருந்தில் செல்பவர் யாராயினும் நிறுத்தம் வரை நடந்துதான் செல்ல வேண்டும் என்பதால், நடைபாதையைச் சிறிய வேலையாகக் கருதுவதற்கில்லை. மிகச் சிறிய பங்கான கழிவில்தான் மாநகராட்சியே முழுப் பொறுப்பாளி.

வடிகால்: அடி, அங்குலக் கணக்கு

தகவமைப்பில் சென்னை அதிகப் பணம் செலவழிப்பது மழைநீர் வடிகாலில். இதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் காலநிலை மாற்றம் என்ற பெரும்பொருள் ஒரு கான்கிரீட் பெட்டியின் அகலமாகவும் ஆழமாகவும் மாறுவது இங்கேதான்.

வடிகாலை வடிவமைக்கும் பொறியாளர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழையை இது தாங்க வேண்டும் என்பது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்குக் கட்டினால் செலவு குறையும், தெருவில் அடிக்கடி நீர் நிற்கும். ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்குக் கட்ட நினைத்தால், பல தெருக்களில் வடிகாலே தெருவை விழுங்கிவிடும். நடுவில் எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும். அந்தக் கோட்டைப் பழைய மழைப் பதிவேடுகளை வைத்துப் போடுவது வழக்கம். காற்று வெப்பமடைந்தால் அது தாங்கும் ஈரமும் கூடுகிறது என்பதால், ஒருசில மணி நேரத்தில் கொட்டும் மழையின் வேகம் அதிகரிக்கிறது. நேற்றைய பதிவேட்டில் ஐந்தாண்டு மழையாக இருந்தது இனி மூன்றாண்டுக்கு ஒருமுறை வரலாம். கோட்டை எங்கே போடுவது என்பது பொறியியல் போலத் தோன்றினாலும், எவ்வளவு இடரை ஏற்றுக்கொள்வது, அதற்கு எவ்வளவு வரிப்பணத்தைச் செலவிடுவது என்ற அரசியல் முடிவு அது. மாமன்றத்தில் இந்தக் கேள்வி வெளிப்படையாகக் கேட்கப்பட வேண்டும். அங்கே விவாதிக்கப்படுவதோ பெரும்பாலும் எந்தத் தெருவுக்கு வடிகால் வந்தது, எந்தத் தெருவுக்கு வரவில்லை என்பதுதான்.

அடுத்தது வாட்டம். தட்டையான ஊரில் நீர் தானாக ஓட வேண்டுமானால் வடிகாலின் அடித்தளம் சிறிது சிறிதாகச் சரிந்துகொண்டே செல்ல வேண்டும். தொடக்கத்தில் சில அங்குலம் பிசகினாலும் கடைசியில் ஆறு அல்லது கால்வாய் மட்டத்துக்குக் கீழே போய் முட்டிக்கொள்ளும். அப்படி முட்டாவிட்டாலும், புயல் நேரத்தில் கடல் மட்டம் எழும்போது முகத்துவாரம் நீரை உள்வாங்காது. 2023 டிசம்பரில் இரண்டு நாட்களில் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தபோது நகரம் கண்டது இதையும் சேர்த்துத்தான். கடல்மட்டம் நிலையாகவே உயர்ந்துகொண்டிருக்கும்போது, இன்று கட்டும் வடிகாலின் கடைவாய் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எந்த மட்டத்தில் இருக்கும் என்று கேட்பது மிகையான கவலை அன்று.

பராமரிப்பு இன்னும் சாதாரண விஷயம். தெருவோரத்தில் வடிகாலுக்குள் நீர் இறங்கும் இடத்தில் வண்டல் வடிகட்டித் தொட்டி என்று ஒரு சிறு குழி அமைக்கிறார்கள். மணலும் பாலித்தீன் பையும் அதில் தங்கிவிட, நீர் மட்டும் உள்ளே செல்லும் என்பது ஏற்பாடு. அந்தத் தொட்டியைப் பருவமழைக்கு முன் தூர்வாராவிட்டால், எத்தனை கோடியில் கட்டிய வடிகாலும் வாயடைத்து நிற்கும். அதேபோல, பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய சாலை போடும் பழக்கத்தால், மயிலாப்பூர், மாம்பலம் போன்ற பழைய பகுதிகளில் ஒருகாலத்தில் படியேறி நுழைந்த வீடுகளுக்குள் இன்று படியிறங்கி நுழைய வேண்டியிருக்கிறது. சாலையை மில்லிங் செய்து, பழைய மட்டத்திலேயே புதிய சாலை அமைக்க வேண்டும் என்று உத்தரவுகள் உள்ளன. ஒப்பந்ததாரர் அதன்படி செய்தாரா என்று பார்ப்பதும் காலநிலைத் தகவமைப்பின் ஒரு பகுதிதான்; எந்தச் சர்வதேச அறிக்கையிலும் அது இடம்பெறாது.

வடிகால் கட்டுவது எப்போதுமே சரியான விடை என்றும் சொல்லிவிட முடியாது. கோவளம் வடிநிலத் திட்டத்தின்கீழ் கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பகுதிகளில் வடிகால் அமைக்க முற்பட்டபோது, அங்குள்ள குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள். அந்தப் பகுதி மணற்பாங்கானது. மழை விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கி, கடல்நீர் உட்புகாமல் நிலத்தடி நன்னீரைக் காக்கிறது. அந்த நீரைக் கான்கிரீட் வழியாகக் கடலுக்கு அனுப்பினால் வெள்ளமும் குறையாது, கிணறும் உவர்க்கும் என்பது அவர்கள் வாதம்; வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஒரே நகரத்துக்குள் களிமண் பகுதிக்குப் பொருந்தும் தீர்வு மணற்பகுதிக்குப் பொருந்தாது என்பதை வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் எளிதில் தவறவிடுகிறார்கள். மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய 2003-ஆம் ஆண்டு நடவடிக்கை வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒருசேர உதவக்கூடியது. ஆனால் தொட்டி இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வு, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதில்லை.

குப்பை

சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. நீண்டகாலம் அது வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்கும் சென்று குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு இருப்பது அதே பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குள். காய்கறித் தோலும் மிச்சச் சோறும் காற்றுப் புகாமல் குவியலுக்குள் புதைந்து அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதே கழிவைக் காற்றோட்டத்துடன் உரமாக்கினால் மீத்தேன் பெரும்பாலும் உருவாகாது. மூடிய கலனுக்குள் அழுக விட்டுப் பிடித்தால் எரிவாயுவாகும். ஆகவே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டு வாசலிலேயே பிரித்துக் கொடுப்பது மாநகராட்சி எடுக்கக்கூடிய காலநிலை நடவடிக்கைகளில் மிக மலிவானதும், முழுக்க அதன் அதிகாரத்துக்கு உட்பட்டதும் ஆகும்.

இது மலிவு என்பதாலேயே எளிது என்று ஆகிவிடாது. பிரித்துக் கொடுத்த குப்பை கடைசி வரை பிரிந்தே செல்ல வேண்டும். தெருமுனைத் தொட்டியில் இரண்டும் ஒன்றாகக் கொட்டப்படுவதை ஒருமுறை பார்த்த இல்லத்தரசி மறுநாள் முதல் பிரிக்க மாட்டார். தூய்மைப் பணியாளர்களின் எண்ணிக்கை, அவர்களின் ஊதியம், வண்டியில் தனித்தனி அறைகள், வார்டிலேயே உரக்கூடம் அமைக்க இடம் ஆகிய நான்கும் மன்றத்தின் முடிவுகள். உரக்கூடத்துக்கு எல்லோரும் ஆதரவு தெரிவிப்பார்கள், தங்கள் தெருவில் வைக்காதவரை.

பழைய கிடங்குகளைப் பயோமைனிங் முறையில் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்கும் பணி நடந்துவருகிறது. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை மாநகராட்சி முன்வைத்ததை வடசென்னை மக்கள் கடுமையாக எதிர்க்கின்றனர். அனல்மின் நிலையங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் ஏற்கெனவே சூழ்ந்துள்ள பகுதிக்கு இன்னொரு புகைபோக்கி வேண்டாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. கிடங்கு ஓய வேண்டுமானால் எஞ்சிய கழிவை எரித்தாக வேண்டும் என்பது நிர்வாகத்தின் நிலைப்பாடு. நமது குப்பையில் ஈரக்கழிவு மிகுதி, அது எளிதில் எரியாது, எரியக்கூடிய பிளாஸ்டிக்கோ புதைபடிவ எரிபொருளிலிருந்து வந்தது என்பதால், எரிப்பதைக் காலநிலைத் தீர்வு என்று அழைப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ஆனால் எதிர்ப்பவர்களும், பிரித்தெடுக்கும் வேலை தங்கள் வீட்டிலிருந்து தொடங்குகிறது என்பதை மறுக்க இயலாது.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2003 மே மாத இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. சென்னையில் வெப்பமானி காட்டும் அளவைவிடக் காற்றின் ஈரப்பதமும், இரவிலும் தணியாத சூடும் உடலை வாட்டுகின்றன. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைகளின்கீழ் உறங்குபவர்களுக்கு இது இருமடங்கு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அகமதாபாத் மாநகராட்சி 2013-லேயே வெப்பத்துக்கென்று தனிச் செயல்திட்டம் வகுத்து, முன்னெச்சரிக்கையையும் மருத்துவமனைகளையும் இணைத்தது. அதற்குப் பெரும் நிதி தேவைப்படவில்லை, துறைகள் ஒன்றோடொன்று பேசுவது மட்டுமே தேவைப்பட்டது.

பணமும் பொறுப்பும்

திட்டம் உண்மையானதா என்று அறிய வரவு செலவு அறிக்கையைத் திறக்க வேண்டும். நார்வேயின் ஆஸ்லோ நகரம் காலநிலை நிதிநிலை அறிக்கை என்ற முறையைத் தொடங்கியது. பணத்துக்கு எப்படித் துறைவாரியாக ஒதுக்கீடும் ஆண்டுக் கணக்கும் உண்டோ, அப்படியே உமிழ்வுக்கும் துறைவாரியாக வரம்பு வைத்து, ஆண்டு முடிவில் மன்றத்தில் கணக்குக் காட்ட வேண்டும். மும்பை மாநகராட்சி 2024-இல் தன் காலநிலை நிதிநிலை அறிக்கையை வெளியிட்டது. இம்முறையின் சிறப்பு, எந்தத் துறைத் தலைவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது பெயர் சொல்லி எழுதப்படுவது.

சென்னையின் பெரிய வடிகால் திட்டங்கள் ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி, ஜெர்மனியின் வளர்ச்சி வங்கி போன்றவற்றின் கடனில் நடக்கின்றன. 2025-இல் மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்கு நகராட்சிக் கடன்பத்திரமும் வெளியிட்டது. கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டியவர்கள் சொத்து வரி கட்டும் நகரவாசிகள். கடன் கொடுப்பவர்கள் கட்டுமானத்துக்குக் கொடுப்பார்கள், தூர்வாருவதற்குக் கொடுக்க மாட்டார்கள்; ஆகவே கட்டிமுடித்த மறுநாளிலிருந்து ஆகும் செலவு முழுவதும் மாநகராட்சியின் சொந்த வருவாயைச் சார்ந்தது. சொத்து வரியை உயர்த்தும் தீர்மானத்துக்கு எதிர்ப்புத் தெரிவிக்கும் அதே உறுப்பினர், வடிகாலில் அடைப்பு என்று கேள்வி நேரத்தில் எழுந்து நிற்பது மாமன்றத்தில் புதிய காட்சி அன்று.

வாசகர் தலையிடக்கூடிய இடமும் இருக்கிறது. 2022-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு வார்டு குழுவும், அதன்கீழ் பகுதி சபைகளும் உண்டு. கிராமத்தில் கிராம சபைக்கு இருக்கும் இடத்தை நகரத்தில் இவற்றுக்கு அளிப்பதே நோக்கம். காலநிலை என்று பொதுவாகக் கேட்டால் அங்கே பொதுவான பதிலே கிடைக்கும். இந்த வார்டின் வடிகால்கள் எவ்வளவு மழைக்கு வடிவமைக்கப்பட்டவை, அவற்றின் நீர் எந்தக் கால்வாயில் சேர்கிறது, அந்தக் கால்வாயைத் தூர்வாரும்படி நீர்வளத் துறைக்குக் கடைசியாக எப்போது கடிதம் எழுதப்பட்டது, நாம் பிரித்துக் கொடுக்கும் ஈரக்கழிவு எந்த உரக்கூடத்துக்குச் செல்கிறது, கடைசியாகச் சாலை போட்டபோது மில்லிங் செய்யப்பட்டதா என்று கேட்டால் உதவிப் பொறியாளர் கோப்பைத் திறந்தாக வேண்டும். சி.எம்.டி.ஏ.யின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டு வகுக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டம் தயாராகிவருகிறது. எந்த ஏரிக்கரையில், எந்தச் சதுப்பின் விளிம்பில் கட்டடம் எழலாம் என்பது அதில் முடிவாவதால், மாமன்றம் அதைப் பற்றி என்ன கருத்தைத் தெரிவித்திருக்கிறது என்பதும் உறுப்பினரிடம் கேட்கத் தக்க கேள்வி. உமிழ்வுக் கணக்கின் அடிப்படை ஆண்டு 2018-19. அதே முறையில் அடுத்த கணக்கு எடுக்கப்பட்டு, இரண்டும் அருகருகே மன்றத்தின் முன் வைக்கப்படும்போதுதான் 2050 என்ற இலக்கை நோக்கி நகரம் நகர்கிறதா என்பதை எவரும் சரிபார்க்க முடியும்.